டிராஃப்ட் பிக்குக்கு விலை போடத் தெரியாத கணினி

போன சனிக்கிழமை ராத்திரி கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் உணவுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி மடிக்கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பி, "அண்ணே, அஞ்சு சீசன்ல நாலு கப்பு. இனிமே ஆட மாட்டேன், சலிச்சுப்போச்சு" என்றான். கூடைப்பந்து மேலாண்மை ஆட்டம், அமெரிக்காவின் என்பிஏ லீக் போலவே 30 அணிகள், ஒன்றுக்கு இவன் ஜிஎம் (ஆட்டக்காரர்களைச் சேர்க்கும், மாற்றும் மேலாளர்), மற்ற 29 அணிகளையும் கணினி நடத்துகிறது. எப்படி ஜெயித்தான் என்று கேட்டேன். தே தாரிக் ஆறும்வரை அவன் காட்டியதைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, அவன் மேல் இல்லை, ஆட்டத்தின் மேல்.

விஷயம் இதுதான். வருஷா வருஷம் புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுப்பதுதான் டிராஃப்ட், அதில் எடுக்கும் முறைதான் பிக். பொதுவாக மோசமான அணிக்கு முன்னால் வரும், நல்ல அணிக்குக் கடைசியில் வரும். ஆட்டக்காரரையும் பிக்கையும் அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்வதுதான் டிரேடு. பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்கும் அணியிடம் அடுத்த வருஷ முதல் ரவுண்டு பிக்கைக் கேட்கிறான். நல்ல அணி, எப்படியும் 29ஆவது பிக்தான் வரும் என்று கணக்குப் போட்டு, கணினி அதைக் கொசுறாகக் கொடுக்கிறது. பத்து நிமிஷம் கழித்து அதே அணியின் இரண்டு நட்சத்திரங்களை, இன்றைக்கு நல்ல புள்ளி வைத்திருக்கிற 34, 35 வயது ஆட்டக்காரர்களைக் கொடுத்து வாங்கிவிடுகிறான். மறு சீசனில் கிழங்கள் சரிய, அணி பாதாளத்துக்குப் போகிறது, 29 என்று விலை போட்ட பிக் 2ஆக வந்து இவன் கையில் விழுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு டிரேடும் நியாயமானதுதான். இந்த டிரேடு முடிந்தபின் நம் அணி எப்படி இருக்கும், கைவிட்டுப் போன பிக் எங்கே விழும் என்ற கேள்வியைத்தான் கணினி கேட்பதே இல்லை.

மனுஷர்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்களே என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். 2013இல் புரூக்ளின் நெட்ஸ் 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்க, பாஸ்டன் செல்டிக்ஸுக்கு 2014, 2016, 2018 முதல் ரவுண்டு பிக்குகளையும் 2017இல் பிக்கின் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தது. 2016-17இல் நெட்ஸ் ஜெயித்தது வெறும் 20 ஆட்டம். ஜேலன் பிரவுன், ஜேசன் டேட்டம் இரண்டு பேரும் அந்த வழியாகத்தான் பாஸ்டனுக்குக் கிடைத்தார்கள், 2024இல் கோப்பையும் வந்தது. ஆனால் நெட்ஸ் இப்போதே ஜெயிக்க வேண்டும் என்று தெரிந்தே பணயம் வைத்தது. கணினி எதையும் பணயம் வைப்பதில்லை, புள்ளியைக் கூட்டிப் பார்த்துத் தலையாட்டுகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, பல ஆட்டங்களில் எல்லா அணிக்கும் ஒரே விலைதான். நம் வீடுகளில் கூட்டு, அதாவது சீட்டு, பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு தப்பு என்று தெரியும். அடுத்த மாதம் மகள் கல்யாணம் வைத்திருப்பவர் நிறையக் கழிவு விட்டு முதலிலேயே எடுப்பார், அவசரம் இல்லாதவர் கடைசிவரை காத்திருப்பார். கோப்பைக்கு மோதும் அணிக்கு நாலு வருஷம் கழித்து வரும் பிக் மலிவாகத் தெரிய வேண்டும், இளம் பிள்ளைகளை வைத்துக் கட்டும் அணிக்கு அதே பிக் தங்கமாகத் தெரிய வேண்டும்.

புகார் வந்ததும் சில ஆட்டங்களில் என்ன செய்கிறார்கள் என்றால் எல்லாப் பிக்குகளின் விலையையும் ஏற்றிவிடுகிறார்கள். அப்புறம் கணினி இரண்டாம் ரவுண்டின் கடைசிப் பிக்கைக்கூட விடாமல் கட்டிப்பிடித்துக்கொள்கிறது. பெரிய நட்சத்திரமான நிகோலா யோக்கிச் 2014இல் 41ஆவது பிக்கில் வந்தவர்தான், ஆனால் அது எப்போதோ நடப்பது, அதை வைத்து விலை போட முடியுமா?

டிரேடுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, புது ஆட்டக்காரர் பட்டியலையும் அவர்கள் வயதையும் வைத்துக் கணக்குப் போட்டாலே பாதி ஓட்டை அடைபடும். மூன்று வருஷம் தள்ளி வரும் பிக்கை யாராலும் கணிக்க முடியாது, அதை நடுவில், 15ஆவது இடத்தை ஒட்டி வைத்தால் போதும். கூடவே என்பிஏவில் இருக்கும் ஸ்டெப்பியன் விதியையும் சேர்க்கட்டும். 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் முதலாளி டெட் ஸ்டெப்பியன் முதல் ரவுண்டு பிக்குகளை வாரிக் கொடுத்ததால் வந்த விதி அது. அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் முதல் ரவுண்டு பிக் இல்லாமல் போகும்படி ஓர் அணி டிரேடு செய்ய முடியாது.

இதெல்லாம் வரும்வரை நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். எந்த அணியிடமிருந்து நட்சத்திரத்தை வாங்கினோமோ, அந்த அணியிடம் பிக் வாங்கக் கூடாது. தம்பி புதிதாகத் தொடங்கினான், மூன்றாவது சீசன், அணி இன்னும் 19ஆவது இடத்தில். நேற்று வேலை நேரத்தில் கூப்பிட்டு, 12ஆவது பிக்கில் 19 வயது உயரமான பையனை எடுப்பதா, 22 வயது பாயின்ட் கார்டை (பந்தை நடத்திச் செல்பவரை) எடுப்பதா என்று அரை மணி நேரம் பேசினான். உயரமான பையனை எடுக்கச் சொன்னேன்.