கட்டி சுருங்கவில்லை என்றால் ஊசி ஏமாற்றா?
"புற்றுநோய்க்கான சிகிச்சைத் தடுப்பூசி வேலை செய்தால் ஒரே மாதத்தில் கட்டி சுருங்கணும், இல்லையென்றால் ஏமாற்று" என்று காட்பாடி அண்ணன் மேலே போட்டிருக்கிறார். அண்ணே, அப்படி இல்லை. ஊசி நேராகக் கட்டியைத் தாக்காது. உடலின் நோய் எதிர்ப்பு செல்களான டி செல்களுக்குக் கட்டியை அடையாளம் காட்டும். அவை பெருகி உள்ளே நுழைய வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். நுழைந்த பிறகும் பிடி-எல்1 புரதத்தை வைத்துக் கட்டி அவற்றை அடக்கப் பார்க்கும். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு 2010-ல் அமெரிக்கா அனுமதித்த சிபுலூசெல்-டி என்ற சிகிச்சைத் தடுப்பூசியின் ஆய்வில் கட்டி சுருங்கியவர்கள் அரிது. ஆனாலும் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருக்கும் காலம்) சுமார் 4 மாதம் கூடியது. (அற்புதம் இல்லைதான்.) ஸ்கேனில் பெரிதாகத் தெரிவது சில சமயம் எதிர்ப்பு செல்கள் புகுந்த வீக்கம், பெரும்பாலும் நிஜ வளர்ச்சி. வேலூருக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் அண்ணனின் பதிவை நம்பிப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.