மென்பொருளுக்குப் பணம் இருக்கிறது, மாணவரோடு பேச நேரம் இல்லையா?

மாணவர் கையில் ஏஐயைக் கொடுப்பதும் கல்லூரிதான், அவர் அதை வைத்து எழுதினாரா என்று துப்பறிய இன்னொரு மென்பொருளுக்குப் பணம் கட்டுவதும் அதே கல்லூரிதான். இரண்டுக்கும் பட்ஜெட் இருக்கிறது. அந்த மாணவரை எதிரே உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பேச ஆசிரியருக்கு நேரம் ஒதுக்க மட்டும் வழியில்லை. என் கோபம் முழுக்க இதில்தான்.

எவ்வளவு வேகமாக மாறிவிட்டார்கள் பாருங்கள். சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர் கடைசியில். 2023 ஜனவரியிலேயே பாரிஸின் சியான்ஸ் போ பல்கலைக்கழகம், சொல்லாமல் பயன்படுத்தினால் வெளியேற்றும் அளவுக்கு நடவடிக்கை இருக்கும் என்று எச்சரித்தது. 2025 பிப்ரவரியில், அப்போது 23 வளாகங்கள் கொண்டிருந்த கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 4,60,000-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அதே சாட்ஜிபிடியைத் தானே வாங்கிக் கொடுப்பதாக அறிவித்தது. 18 மாதங்களுக்குச் சுமார் 1.7 கோடி டாலர். அதற்கு முந்தைய மாதம்தான் அதன் சோனோமா வளாகம் பணப் பற்றாக்குறை என்று சொல்லி, பல துறைகளை மூடப்போவதாகவும் ஆசிரியர்களைக் குறைக்கப்போவதாகவும் சொல்லியிருந்தது. இந்த இரண்டு செய்தியையும் அடுத்தடுத்துப் படித்தபோது எனக்கு மனசு ஆறவேயில்லை.

சரி, துப்பறியும் மென்பொருளாவது ஒழுங்காக வேலை செய்கிறதா? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அடுத்த மாதமே அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம், தாள்களில் காப்பி இருக்கிறதா என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளின் ஏஐ கண்டறியும் வசதியை நிறுத்தியது. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது: 2022-இல் அங்கே சமர்ப்பிக்கப்பட்ட தாள்கள் 75,000, நூற்றில் ஒன்று தவறினாலும் சுமார் 750 தாள்களை எழுதியவர்கள் செய்யாத தப்புக்குக் கூண்டில் நிற்பார்கள். அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட ஏழு கருவிகளுக்கு, டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கான 91 கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள் தாங்களே எழுதியவை அவை. சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று முத்திரை குத்தின அந்தக் கருவிகள். இரவல் மொழியில் தட்டுத்தடுமாறி, தெரிந்த சொற்களை வைத்து நேராக எழுதுகிற பிள்ளைதான் முதலில் மாட்டுகிறது.

நான் பாடம் எடுக்கும் இடத்தில் ஒரு மாணவியின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இப்படித்தான் சிவப்பாக வந்து நின்றது. விசாரணைக் குழுவுக்கு அனுப்புவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, அட்டவணையில் மூன்றாவது அளவீட்டை ஏன் விட்டுவிட்டாய் என்று அவளிடம் கேட்டேன். அன்றைக்குக் கருவி சூடாகி அளவு ஏறிக்கொண்டே போனது, அதனால் எடுத்துவிட்டேன் என்றாள். கையோடு லேப் நோட்டைப் பிரித்து, பென்சிலில் அடித்துவிட்டு ஓரத்தில் குறித்து வைத்திருந்ததையும் காட்டினாள். அவ்வளவுதான், எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அதே வகுப்பில் மென்பொருள் பச்சைக்கொடி காட்டிய ஒருவனிடம், இந்தச் சோதனையை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான்.

நான் ஏஐக்கு எதிரி இல்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2016-இலேயே பௌன்ஸ் என்ற சாட்பாட்டை வைத்து, புதிதாகச் சேரப்போகிறவர்களின் கேள்விகளுக்குக் குறுஞ்செய்தியில் பதில் சொல்ல வைத்தது. படிவம் எங்கே, கடைசி நாள் எப்போது என்று ராத்திரியிலும் கேட்கலாம். இடம் கிடைத்தும் சேராமல் நழுவிப்போகிறவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தார்கள் என்கிறது பல்கலைக்கழகம். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால் மதிப்பீடு என்பது வேறு. சிட்னி பல்கலைக்கழகம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது: கண்காணிப்போடு நேரில் நடக்கும் தேர்வுகள் ஒரு பக்கம், ஏஐயைத் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்ற வேலைகள் இன்னொரு பக்கம். நேர்மையான வழி என்று எனக்குப் படுகிறது, ஆனால் அதற்கு ஆள் வேண்டும். 60 பேர் இருக்கும் வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிஷம் வைவா, அதாவது நேரில் கேள்வி கேட்கும் வாய்மொழித் தேர்வு, வைத்தால் பத்து மணி நேரம். ஒரே ஆசிரியருக்கு இப்படி நாலு வகுப்பு இருந்தால், அதுவும் அவர் ஒப்பந்த ஆசிரியராக இருந்தால், எங்கிருந்து வரும் அந்த நேரம்?

அதனால் கல்விக் குழுக்களில் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கிறேன். மென்பொருள் காட்டும் சதவீதத்தை மட்டும் வைத்து எந்த மாணவர் மீதும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று எழுத்தில் விதி போடுங்கள். அப்புறம், உரிமத்தைப் புதுப்பிக்கும் கோப்பு மேசைக்கு வரும்போது, அதே தொகையில் எத்தனை மணி நேரம் வைவா நடத்த முடியும் என்ற கணக்கையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள்.