பல்பீனாவை விட்டுவிட்டீர்கள்

நீர்மின்சாரத்தில் புகையே இல்லை, அதனால் சூழலுக்குக் கேடில்லை என்று உங்கள் கட்டுரை சொல்கிறது. புகைபோக்கி இல்லை, சரி. ஆனால் பிரேசிலின் பல்பீனா அணையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

மனாவுஸ் நகரத்துக்கு மின்சாரம் கொடுக்க அமேசான் காட்டுக்குள் உவாத்துமா ஆற்றை மறித்துக் கட்டினார்கள். 1987-இல் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். அங்கே நிலம் கிட்டத்தட்ட சமதளம். அதனால் தண்ணீர் ஆழமாகத் தேங்காமல் அகலமாகப் பரவி, சுமார் 2,360 சதுர கிலோமீட்டரை விழுங்கிவிட்டது. கிடைத்தது? நிறுவு திறன் வெறும் 250 மெகாவாட்! அதே பிரேசில் பராகுவேயோடு சேர்ந்து கட்டிய இதைப்பு அணையின் நீர்ப்பரப்பு சுமார் 1,350 சதுர கிலோமீட்டர்தான், திறனோ 14,000 மெகாவாட்.

காட்டின் பெரும்பகுதியை வெட்டாமலேயே மூழ்கடித்தார்கள். பட்ட மரங்கள் இன்னும் தண்ணீருக்கு மேலே குச்சி குச்சியாக நிற்கின்றன. அடியில் ஆக்சிஜன் இல்லாமல் இலைதழை அழுகும்போது, பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உருவாகிறது. டர்பைனுக்குள் போகும் ஆழ்நீர் வெளியே வந்து அழுத்தம் குறைந்ததும், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அந்த வாயு வெளியேறிவிடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு வாயு என்று கணக்குப் போட்டால் நிலக்கரியைவிட மோசம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

வைமிரி-அத்ரோவாரி பழங்குடியினரின் ஊர்களும் இதில் மூழ்கின. மேடான இடங்கள் ஆயிரக்கணக்கான தீவுகளாகிவிட, அங்கே சிக்கிய விலங்குகள் பல தீவுகளில் அழிந்தேவிட்டன.

எல்லா அணையும் பல்பீனா இல்லைதான். ஆழமான பள்ளத்தாக்கில் கட்டியதைச் சமவெளியில் கட்டியதோடு ஒரே தட்டில் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது.