மெயில் போட்டுட்டேன் சார்

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினோரு வருஷமாக டாக்குமென்ட் பார்க்கிறேன். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குப் பேப்பர் சரி பண்ணி கண்டெய்னரை வெளியே எடுத்துக்கொடுக்க வேண்டும். கப்பல் கம்பெனி சில நாள் ஃப்ரீ டேஸ் தரும். அது தாண்டினால் நாள் கணக்கில் பணம் ஏறும்.

போன மாதம் ஒரு பார்ட்டியிடமிருந்து ஒரிஜினல் சர்ட்டிபிகேட் வரவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை கேட்டு மெயில் போட்டேன். போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை முதலாளி கூப்பிட்டார்.

"ஃப்ரீ டேஸ் நேத்தோட முடிஞ்சிடுச்சு. என்னாச்சு?"

"மெயில் போட்டுட்டேன் சார்."

"மெயில் போட்டா வேல முடிஞ்சிடுச்சா?"

அந்தப் பார்ட்டியின் ஆபீஸ் மண்ணடியில். வண்டியை எடுத்தால் பத்து நிமிஷம். போய்ப் பார்த்தால், சர்ட்டிபிகேட் வெள்ளிக்கிழமையே கூரியரில் வந்து, வாசல் மேஜையில் ஒரு பழைய காலண்டருக்கு அடியில் கிடக்கிறது. கவரைக்கூடப் பிரிக்கவில்லை.

தண்டம் கட்டியதுகூடப் போகட்டும். அந்தப் பதிலைச் சொல்லும்போது எனக்குத் துளி வெட்கம் வரவில்லையே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இத்தனைக்கும் நான் வளர்ந்தது வியாசர்பாடியில். அம்மா விடிகாலை நாலு மணிக்கே அடிபம்பில் குடத்தை வரிசையில் போட்டுவிடுவார். பம்பில் காற்றுதான் வருகிறது என்றால், லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார். வடசென்னைக்காரனுக்கு 'முயற்சி செய்' என்று வகுப்பெடுக்க வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். சும்மா உட்கார்ந்திருக்க நான் கற்றுக்கொண்டதே ஏசி ஆபீசில்தான்.

பெரம்பூர் பின்னி மில் பக்கம் போகும்போதெல்லாம் இரண்டு கடைக்காரர்கள் ஞாபகம் வரும். துணிக்கடை செல்வபதி செட்டியார், அரிசிக்கடை ராமானுஜுலு நாயுடு. மில் தொழிலாளிகள் கடைக்கு வந்து, மதியம் சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்று புலம்புவார்களாம். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு அரிசியை அளந்து போட்டிருக்கலாம். அவர்கள் வேலையா அது? ஆனால் கடையை விட்டு இறங்கிப் போய், அன்னி பெசன்ட்டோடு ஹோம் ரூல் இயக்கத்தில் இருந்த பி.பி. வாடியாவைப் பார்த்துப் பேசினார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்கிறார்கள். நானாக இருந்தால் ஒரு கடுதாசி போட்டுவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருப்பேன்.

சரி, திருந்திவிட்டேனா? எங்கள் தெருவில் இரண்டு வாரமாக லைட் எரியவில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் 'யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணுங்கப்பா' என்று ஆளாளுக்குப் போட்டதோடு சரி. ஒருத்தரும் பண்ணவில்லை, நானும் சேர்த்துத்தான். நேற்று ராத்திரி ஒருவழியாக மாநகராட்சிப் புகார் நம்பர் 1913-க்கு போன் அடித்து, புகார் எண்ணை வாங்கி குரூப்பில் போட்டேன். பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

காலையில் அம்மா கேட்டார், "லைட்டு எரியுதாடா?"

"கம்ப்ளெயின்ட் குடுத்தாச்சும்மா."

"அது சரி. எரியுதா?"