‘டெக்சாஸ் ரம்பக் கொலைகள்’ நிஜத்தில் நடக்கவில்லை

டெக்சாஸில் ஒரு குடும்பம் மரம் அறுக்கும் ரம்பத்தால் இளைஞர்களைக் கொன்றதாகவும், 1974-இல் வந்த ‘தி டெக்சாஸ் செயின்சா மாசக்கர்’ என்ற அமெரிக்கத் திகில் படம் அதை அப்படியே காட்டுவதாகவும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

குழப்பத்துக்குக் காரணம் படத்தின் தொடக்க வாசகம். சம்பவ நாள் 1973 ஆகஸ்ட் 18 என்கிறது அது. படப்பிடிப்பு நடந்ததே அந்தக் கோடையில்தான்! கதைக்குப் பொறி தந்த எட் கீன், விஸ்கான்சின் மாநிலத்துப் பிளெயின்ஃபீல்டுக்காரர். 1957-இல் பிடிபட்டு, இரண்டு பெண்களைக் கொன்றதை ஒப்புக்கொண்டார். கல்லறைகளையும் தோண்டியிருந்தார். மனித முகத்தோலில் செய்த முகமூடிகள் அவர் வீட்டில் கிடைத்தது உண்மை. ஆனால் ரம்பம் கிடையாது, சுட்டுத்தான் கொன்றார்.

1957 நவம்பர் மாத அமெரிக்க நாளிதழ்களின் காப்பகங்களில் இதைச் சரிபார்க்கலாம். செத்துப்போன அந்தப் பெண்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.