ஹேபியர் சுவாமி ஊர் திரும்பவில்லை

தம்பி, "கூடைப்பந்து பழக்கின வெள்ளைக்காரச் சுவாமி, சண்டை தொடங்கினதும் அமெரிக்காவுக்குப் போயிட்டார், அவருக்கு எதுக்கு நினைவு விழா" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது பிழை. யூஜின் ஜோன் ஹேபியர் அடிகளார் போகவேயில்லை. 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் காணாமல் போனவர் அவர். கூட வந்த தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. வாழைச்சேனையில் சிக்கியிருந்த அருட்சகோதரிகளுக்கு உதவத்தான் சுவாமி போயிருந்தார்.

அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்த யேசு சபைத் துறவி. 1948இலேயே இலங்கைக்கு வந்துவிட்டார். எங்கட திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியில் பந்து பழக்கினது உண்மைதான், அதுவும் சின்ன வேலை இல்லை, எத்தனையோ பெடியளுக்கு ஒழுங்கும் தன்னம்பிக்கையும் அந்த மைதானத்தில்தான் வந்தது. ஆனால் பிறகு மட்டக்களப்பில் இளைஞருக்குத் தொழிற்பயிற்சி கொடுத்த நிலையத்தை நடத்தினார். 1990இல் ஆட்கள் பிடிபட்டுக் காணாமல் போன நாட்களில் அங்குள்ள சமாதானக் குழுவிலும் நின்றார். அமெரிக்காவில் பிறந்தவர், விரும்பியிருந்தால் எப்போதோ போயிருக்கலாம்.

தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள். அவரிடம் படித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், வாசித்தால் மனம் நோகும்.