கரண்ட் போனால் சம்ப் நிரம்புது

திருகோணமலையில கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினா, மீன் தொட்டி வச்சிருக்கிற ஆக்களுக்கு நித்திரை இல்லை. 2022 மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டேக்கயும் நேர அட்டவணை எண்டு ஒண்டு இருந்தது. இப்ப சொல்லாமல் கொள்ளாமல் போகுது, வருது, திரும்பப் போகுது.

பம்ப் நிண்ட உடன மேல்தொட்டித் தண்ணி, ஏறிவந்த குழாயாலயே சைஃபன் பிடிச்சு, அதாவது தானா இழுபட்டு, கீழ இருக்கிற சம்ப் தொட்டிக்குள்ள இறங்கும். குழாயின்ர வாய் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தண்ணியும் வரும். சம்பில இடம் இல்லாட்டி தரை முழுக்க உப்புத்தண்ணி! கடையில கேட்டால், தண்ணியை ஒரு பக்கம் மட்டும் போக விடுற செக் வால்வ் ஒண்டை நீட்டுறாங்கள். அதுக்குள்ள ஒரு பாசித் துணுக்கு, ஒரு நத்தைக் குஞ்சு சிக்கினாலே மூடாது. நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ குழாயில சின்னத் துளை போட்டால் காத்து உள்ள போய் சைஃபன் அறுந்திடும். செலவே இல்லை. துளை அடைபடாமல் இடைக்கிடை ஊசியால குத்திவிடோணும், அவ்வளவுதான். இதை ஏன் ஒருத்தரும் சொல்லித் தாறேல்லை?

கரண்ட் திரும்ப வாறது அடுத்த தலையிடி. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில பல்ப் மங்கி மங்கி எரியுது. பம்ப் சுத்தாமல் உறுமி உறுமிச் சூடேறுது. பிரிட்ஜுக்கு, வோல்ட் குறைஞ்சால் கரண்டை நிப்பாட்டுற கார்ட் போடுற நாங்கள் பம்புக்கும் போடத்தான் வேணும்.

மீனுகள் மேல வந்து வாயைப் பிளக்கிறதைப் பாக்கேலாது. பட்டறியில ஓடுற காத்துப் பம்ப் கேட்டு டவுன் முழுக்க அலைஞ்சால் எல்லா இடமும் ஒரே பதில்: “முடிஞ்சுது, கொழும்பால வரோணும்.”